சாமான் அறைக்கு ஒரு ஜன்னல்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு கூரியரில் ஒரு ஜன்னல் வந்தது. நீளமான அட்டைக் குழாய்க்குள் சுருட்டி அனுப்பியிருந்தார்கள். தரையில் விரித்துப் பார்த்தால் வெள்ளைச் சட்டம், திறந்த இரண்டு கதவுகள், வெளியே நீலக் கடல், ஓரத்தில் சாய்ந்த ஒரு தென்னை. பின்பக்கத் தாளை உரித்துச் சுவரில் ஒட்டிவிட வேண்டியதுதான். குழந்தைகள் அறையை நாமே அழகுபடுத்துவது எப்படி என்று செல்போனில் வரும் வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு, பதினொரு வயதான என் மகள் தேர்ந்தெடுத்தது இது. செகந்திராபாத் பக்கத்து உப்பலில் எங்கள் ஃபிளாட்டில் அவள் அறைக்கு நிஜ ஜன்னல் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. திறந்தால் எதிர் ஃபிளாட்டின் ஏசி பெட்டி தெரியும். அதைக் காட்டித்தான் இன்னொரு ஜன்னல் கேட்டாள், நானும் மறுத்துப் பேச முடியவில்லை.

பேகம்பேட்டில் ஆபீஸ் முடிந்து, பஸ் மாறி, வீடு வந்து சேர்ந்ததும் நானும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒட்டினோம். நான் தமிழில் 'இன்னும் கொஞ்சம் மேலே' என்பேன், அவள் இந்தியில் 'சரி' என்பாள், ஜன்னல் கீழே இறங்கும். கடலுக்கு நடுவில் இரண்டு மூன்று காற்றுக் கொப்புளங்கள் விழுந்துவிட்டன. ஸ்கேலை வைத்துத் தேய்த்தும் போகவில்லை. அவளுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் அந்தப் பசையின் பிளாஸ்டிக் வாசனை மூக்கிலேயே நின்றது. ஒட்டுகிற பொருள் இப்படியா மணக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒட்டுகிற பொருள் என்றால் எனக்கு மைதா மாவுப் பசைதான். அடுப்பில் கிண்டும்போது கஞ்சி வாசனை வரும், கொஞ்சம் பசிக்கக்கூடச் செய்யும். கரப்பான் தின்றுவிடாமல் இருக்க அம்மா அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள், போட்டதும் பசை லேசான நீல நிறமாகிவிடும். அந்தப் பசையைக் கையில் அப்பிக்கொண்டு நான் நின்ற அறை காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் இருந்தது. அறை என்று சொல்வது அதற்கு நாங்கள் கொடுத்த மரியாதை. உண்மையில் அது சாமான் போட்டு வைக்கிற இடம். மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் கதவு, உச்சியில் புறா மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு காற்றுத்துளை.

அப்பா அங்கிருந்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன். என்ன வரைந்தார் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. கேட்கக்கூடாது என்பது மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டபோது 'டிராயிங்' என்று சொல்லி வைத்தேன். டீச்சர் அவரை ஓவிய வாத்தியார் என்று நினைத்துக்கொண்டு ஆண்டு விழாவுக்கு மேடைத் திரை வரைந்து தர முடியுமா என்று கடிதம் கொடுத்தனுப்பினார். அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மேடையின் நீள அகலம் குறிப்பிடவில்லையே என்று கவலைப்பட்டார். அவர் அப்படிப்பட்ட ஆள். தோசை வட்டமாக இல்லாவிட்டால் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்.

எனக்குப் பத்து வயதானபோது எஸ்தர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்தப்பாவின் மகள், என்னைவிட மூன்று வயது இளையவள். சித்தப்பா செகந்திராபாத்தில் பாசஞ்சர் வண்டி ஓட்டுகிற டிரைவர். லாலாகுடா ரயில்வே காலனியில் குடியிருந்தார். அந்த வருடம் சித்தி மஞ்சள் காமாலையில் போய்விட்டார். காஜிப்பேட்டை, விஜயவாடா என்று நாள் கணக்கில் டியூட்டிக்குப் போகிற மனிதர் ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக எப்படி விடுவார்? தசரா லீவு வரைக்கும் அண்ணன் வீட்டில் இருக்கட்டும், ஒட்டிக்கொண்டால் அங்கேயே வளரட்டும், ஒட்டாவிட்டால் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தோம்.

நான் ஒற்றைப் பிள்ளை. அவள் இருந்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட அளவுக்கு அதற்கு முன்னால் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. சைக்கிளுக்குக்கூட இல்லை.

சாமான் அறையைக் காலி செய்து எங்களுக்குக் கொடுத்தார்கள். டிரங்குப் பெட்டிகள் வெளியே போயின, இரண்டு கயிற்றுக் கட்டில்கள் உள்ளே வந்தன. அறையை அழகாக்கினால் அவள் ஒட்டிக்கொள்வாள் என்பது என் கணக்கு. வீட்டில் கிடந்ததையெல்லாம் சுவரில் ஏற்றினேன். கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிப் பறவைகள் செய்தேன். வயிற்றுப் பக்கம் மணமக்கள் பெயர் அச்சில் தெரியும். அம்மாவின் உடைந்த வளையல்களை நூலில் கோத்துக் காற்றுத்துளையில் கட்டினேன். கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்குகிற காகித நட்சத்திரத்தை ஆகஸ்டிலேயே எடுத்து பல்புக்கு மாட்டினேன். படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் கூரையெல்லாம் சிவப்புப் புள்ளிகள் மிதக்கும். எனக்கு அதைப் பார்த்தபடியே கண் சொக்கிவிடும், எங்கேயோ தண்ணீருக்கு அடியில் படுத்திருப்பது போல இருக்கும்.

எஸ்தருக்குத் தூக்கம் வரவில்லை. ஏற்பாடுகளையெல்லாம் மரியாதையாகப் பார்த்தாள், பறவைகளுக்குப் பெயர்கூட வைத்தாள். ஆனால் விளக்கை அணைத்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் காலையில் கண்ணெல்லாம் வீங்கிப்போய் அம்மாவிடம் வந்து நின்றாள். ரயில்வே காலனிப் பிள்ளை, எங்கள் வீட்டுத் திருநெல்வேலித் தமிழில் ஊர்ப் பேச்சும் கலந்துதான் பேசுவாள், வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பாள்.

"ஜன்னல் இல்லாத ரூம் நக்கோ பெரியம்மா. வெளிய என்ன இருக்குன்னே தெரியல."

குவார்ட்டர்ஸ் சுவரை இடிக்க முடியாது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்காலியையும் வரைபலகையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். அறைச் சுவருக்கு நேர் வெளிப்பக்கம் நாற்காலியைப் போட்டார். எஸ்தர் கட்டிலில் உட்கார்ந்தால் அவள் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று அளந்து, அந்த உயரத்திலிருந்து என்ன தெரியும் என்பதை வரையத் தொடங்கினார். ஜன்னல் இருந்திருந்தால் என்ன தெரியுமோ, அதுதான் தெரிய வேண்டும் என்பது அவர் தீர்மானம்.

இரண்டு ஞாயிறு ஆயிற்று. பிறகு தாளில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிதாக நூல் பிடித்துப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக மாற்றினார். நாங்கள் நிறம் கொடுத்தோம். சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்தால் வானம் வந்தது. காவியைக் கரைத்தால் மண் வந்தது. பாறைக்குக் கரித்தூள். பச்சைக்குத்தான் திண்டாட்டம். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்று பாடத்தில் படித்திருந்த நான், மஞ்சள்தூளை அள்ளிச் சுண்ணாம்பு நீலத்தில் கொட்டிக் கலக்கினேன். சுண்ணாம்பில் மஞ்சள் விழுந்தால் என்ன ஆகும் என்பது ஆரத்தி பார்த்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், ஆரத்தியை அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. வேப்பமரம் ரத்தக் களறியாகிவிட்டது. அதைச் சிவப்பாகப் பூக்கிற குல்மோஹர் மரமென்று வைத்துக்கொள்ளலாமே என்று நான் சமாளித்தேன்.

"அங்க நிக்கிறது வேம்புட்டி," என்றார் அப்பா. "இல்லாதத வரையக் கூடாது."

கடைக்குப் போய்ப் பச்சைப் பொடி வாங்கி வந்து வேப்பமரத்தை வேப்பமரமாகவே ஆக்கிவிட்டுத்தான் அன்று சாப்பிட உட்கார்ந்தார்.

முடிந்தபோது நாங்கள் மூன்று பேரும் கதவருகே நின்று பார்த்தோம். ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிற பெரிய பாறைகள், அவற்றின் இடுக்கில் சீத்தாப்பழச் செடிகள், வேப்பமரம், செம்மண் பாதை. தூரத்தில் நீளமாக ஒரு மதில், அதன் மேல் கம்பிச் சுருள், மதிலை ஒட்டி ஒரு காவல் கோபுரம், கோபுரத்துக்குப் பின்னால் இரண்டு கூரைகள், ஒரு உயரமான கம்பம். அளவு பிசகாமல் அத்தனையும் இருந்தன. அம்மா பழைய புடவைக் கரையில் திரைச்சீலை தைத்து இரண்டு பக்கமும் மாட்டினாள். எஸ்தர் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள். அந்த வாரம் முழுவதும் சுவரைப் பார்த்தபடி தூங்கினாள்.

அடுத்த ஞாயிறு, அப்பாவின் ஆபீஸில் வேலை பார்க்கும் ராவ் அங்கிள் டீ குடிக்க வந்தார். எங்கள் அறையைக் காட்டாமல் யாரையும் விடுவதில்லை என்று நான் வைத்திருந்த காலம் அது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவர் டீ கிளாஸோடு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். வெளியே வந்து அப்பாவைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அப்பாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

மதிலையும் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் யாரும் படம் எடுக்கக்கூடாது, வரையக்கூடாது. போர்டே வைத்திருக்கிறார்கள். தினமும் அந்த போர்டைத் தாண்டித்தான் அப்பா வேலைக்குப் போனார். இருபது வருடம் ரகசியம் காத்த மனிதர், மகள்கள் தூங்குகிற அறையில் அளவோடு அதை வரைந்து வைத்திருந்தார். உண்மையை வரைய வேண்டும் என்கிற வெறியில் அவருக்கு அது தோன்றவே இல்லை. ராவ் அங்கிள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே அப்பா ஈரத்துணியை எடுத்தார். மதில், கம்பி, கோபுரம், கூரைகள், கம்பம் எல்லாம் போயின. வரைந்த தாளையும் கிழித்து அடுப்பில் போட்டார். ஜன்னலின் நடுவில் பெரிய வெள்ளைத் திட்டு ஒன்று மிச்சமிருந்தது.

எஸ்தர் அழவில்லை. அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அங்கே ஒரு ரயில் வரைந்து தருவீர்களா என்று பெரியப்பாவைக் கேட்டாள்.

காஞ்சன்பாக்கில் எங்கள் பின்பக்கம் ரயில் பாதை எதுவும் கிடையாது. எத்தனை நேரம் நின்று பார்த்தாலும் ரயில் தெரியாது. அப்பா இரண்டு நாள் சாப்பிடும்போது அம்மாவிடம், அந்தப் பாறைக்கு நடுவில் தண்டவாளம் எப்படிப் போகும் என்று தனக்குத்தானே போல முனகினார். மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பென்சிலை எடுத்தார். என் அப்பா தன் வாழ்நாளில் இல்லாத ஒன்றை வரைந்தது அன்றைக்குத்தான். பாறைகளுக்கு நடுவே இரண்டு கோடுகள் வளைந்து போயின, அவற்றின் மேல் ஒரு ரயில். லெவல் கிராசிங்கில் நின்று பார்த்திருக்கிறாரே, அந்த ஞாபகத்தில் திருத்தமாக வரைந்தார். பெட்டிகளின் படிக்கட்டைக்கூட விடவில்லை. எஸ்தர் பார்த்துவிட்டு, தேங்க்ஸ் பெரியப்பா என்றாள்.

அன்றிலிருந்து திரும்பவும் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

இந்தத் தடவை ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வாள். ஒரு நாள் புடவைத் திரையை இழுத்து மூடியே வைத்திருந்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அம்மாவுக்காக ஏங்குகிறாள், நம் வீட்டில் ஒட்டவில்லை என்று என் அம்மா முடிவு கட்டினாள். செப்டம்பர் கடைசியில் அவளுடைய உடுப்புகளில் சிவப்பு நூலால் பெயரின் முதல் எழுத்தைத் தைக்க ஆரம்பித்தாள். ஹாஸ்டலில் துணி மாறிப்போகாமல் இருக்க அப்படித் தைக்க வேண்டுமாம். ஒவ்வொரு சட்டையாகத் தைத்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் எஸ்தரோடு சண்டை போட்டேன். இவ்வளவு செய்தும் இருக்க மாட்டேன் என்கிறாயே என்று கத்தினேன்.

தசரா லீவு தொடங்கிய அன்று மத்தியானம் சித்தப்பா வந்தார். டியூட்டி முடித்து நேரே வந்திருந்தார். அவர் மேலிருந்து வந்த டீசல் வாசனை இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்க வைக்கும். அம்மா நடந்ததைச் சொன்னாள். பெட்டி தயாராக இருப்பதையும் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே பெட்டியை எடுக்க எங்கள் அறைக்குள் போனார். போனவர் வரவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது, ஒரு கையால் திரைச்சீலையை விலக்கிப் பிடித்தபடி ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருண்ணே இத வரஞ்சது?"

நான்தான் என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாகவே.

"வண்டி போவுதேண்ணே," என்றார் சித்தப்பா.

அப்பாவுக்கு விளங்கவில்லை. ரயில் என்றால் போகத்தானே செய்யும். சித்தப்பா விரலை வைத்துக் காட்டினார். நமக்கு முகம் காட்டி நின்ற பெட்டியின் நடுவில் அப்பா மறக்காமல் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார். ரயிலின் கடைசிப் பெட்டியின் முதுகில் மட்டும்தான் அது இருக்கும். வண்டி முழுசாகக் கடந்துவிட்டது, நடுவழியில் எந்தப் பெட்டியும் கழன்றுவிடவில்லை என்று ஸ்டேஷனில் நிற்பவர்கள் தெரிந்துகொள்வதற்கான அடையாளம். லெவல் கிராசிங்கில் கேட் திறப்பதற்குக் காத்திருக்கிறவர்கள் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். அப்பாவும் அதைத்தான் பார்த்திருந்தார். பார்த்ததை அப்படியே போட்டிருந்தார்.

"நான் டியூட்டிக்குக் கெளம்புறப்பல்லாம் காலனி வேலிகிட்ட வந்து நிப்பா. இந்தக் குறி மறையிற மட்டும் பாத்துக்கிட்டே நிப்பா. இவளுக்கு இது தெரியாதா?"

எல்லோரும் எஸ்தரைப் பார்த்தோம். அவள் கட்டில் கயிற்றை நோண்டிக்கொண்டிருந்தாள். பெரியப்பா கஷ்டப்பட்டு வரைந்தார்கள், அதனால்தான் சொல்லவில்லை என்றாள். ஒரு மாதமாகத் தினமும் படுக்கும்போது தன் அப்பா தன்னை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளோடு சண்டை போட்டதை நினைத்து அவமானமாக இருந்தது. அப்பா என்னைவிட மோசமாக நின்றார். தப்புச் செய்த பிள்ளை மாதிரி வேட்டி நுனியைத் திருகினார்.

சித்தப்பா பென்சில் கேட்டார். பெருக்கல் குறியை அழித்துவிட்டு, கடைசிப் பெட்டியை இன்ஜினாக மாற்றத் தொடங்கினார். அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. இன்ஜின், பெட்டியைவிட இவ்வளவு அகலமாக இருக்காது என்றார். இருபது வருடமாக அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றார் சித்தப்பா. வரைகிறவன் நானா நீயா என்று அப்பா கேட்க, ஓட்டுகிறவன் யார் என்று சித்தப்பா கேட்க, எங்களை மறந்து இரண்டு பேரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுவர் பக்கம் திரும்பிச் சண்டை போட்டார்கள். அம்மா கொண்டுவந்த டீ ஆறிப்போனது. ஹெட்லைட் வந்தது, முன் கண்ணாடி வந்தது, கண்ணாடிக்குப் பின்னால் தலை போல ஒரு புள்ளி வந்தது. சித்தப்பா விலகி நின்றுகொண்டார்.

"இப்பச் சொல்லு. வருதா, போவுதா?"

"வருது," என்றாள் எஸ்தர்.

அன்று சாயங்காலம் சித்தப்பா பெட்டியை எடுக்காமல் போனார். தசரா முடிந்து பள்ளி திறந்தபோது எஸ்தர் என் கூடத்தான் வந்தாள், சிவப்பு நூலில் எழுத்துத் தைத்த சட்டையோடு. டியூட்டிக்கு நடுவில் நாள் கிடைத்தபோதெல்லாம் சித்தப்பா வருவார். அவள் எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தாள். அத்தனை வருடமும் ஜன்னல் பக்கம் முகம் வைத்துத்தான் தூங்கினாள்.

இப்போது அந்த வீட்டில் யாரோ இருக்கிறார்கள். சீத்தாப்பழச் செடிகள் இருந்த பாறைகளை உடைத்து அந்தப் பக்கமெல்லாம் கட்டடங்கள் எழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. ராவ் அங்கிள் இல்லை. சித்தப்பா இல்லை, அவர் போன மறுவருடம் அப்பாவும் போய்விட்டார். வெளியே இல்லாததைச் சுவரில் வரைய வைத்தவளும் வரைந்ததைத் திருத்தியவரும் திருத்தியதற்குக் கோபப்பட்டவரும் ஒரே அறையில் நின்ற அந்த மத்தியானத்துக்கு ஒரு போட்டோகூட இல்லை. கோபுரம் அழித்த பயத்தில் அப்பா அந்தச் சுவர் பக்கம் கேமராவையே விட்டதில்லை. என் மகளின் கடல் ஜன்னல் அதே அச்சில் ஊரில் எத்தனை வீட்டில் ஒட்டியிருக்கிறதோ தெரியாது. எங்கள் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அது போனவர்கள் எல்லோருக்கும் முன்னாலேயே போய்விட்டது.

அப்பா ஓய்வு பெற்ற மாதம் அது. குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும்போது சுவரெல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். மற்ற அறைகளை ஆள் வைத்து அடித்துவிட்டு, சாமான் அறையை மட்டும் தானே அடிப்பதாக அப்பா நிறுத்தி வைத்திருந்தார். சுண்ணாம்பு வாளியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், பிரஷ்ஷை நனைக்கவில்லை. அதே வருடம்தான் சித்தப்பா கண் பரிசோதனையில் தேறாமல் வண்டி ஓட்டுவதிலிருந்து எடுக்கப்பட்டு, ஆபீஸில் உட்காருகிற வேலைக்கு மாற்றப்பட்டிருந்தார். தினமும் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிற தன் அப்பாவோடு இருப்பதற்காக எஸ்தர் லாலாகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது.

பெரியப்பாவின் கையிலிருந்து அவள்தான் பிரஷ்ஷை வாங்கினாள். வானத்திலிருந்து தொடங்குவாள், இல்லாவிட்டால் வேப்பமரத்திலிருந்து தொடங்குவாள் என்று நினைத்தேன். நேரே போய் ரயில் மேல் வைத்தாள்.

"அத கடைசில அழிக்கலாமேட்டி," என்றார் அப்பா.

"எதுக்கு பெரியப்பா? வண்டிதான் வந்து சேந்துட்டுல்லா."

அப்பா தலையாட்டினார். அரை மணி நேரத்தில் பாறைகளும் பாதையும் மரமும் போய், அது பழையபடி ஒரு சாமான் அறை ஆயிற்று.